ஹெட்டைக் கழற்றுவதற்கு முன், தண்ணீர் எங்கே போகிறது என்று கண்டுபிடியுங்கள்

கேள்வி:

நான் இளைப்பாறிய விஞ்ஞான ஆசிரியை. யாழ்ப்பாணம் கோப்பாயில் இருக்கிறேன். என்னிடம் இருப்பது 1998ஆம் ஆண்டு ஜப்பான் கார், 1500 சீசீ பெற்றோல் எஞ்சின். சில மாதமாக றேடியேற்றரில் தண்ணீர் குறைகிறது. முற்றத்தில் ஒரு சொட்டுக்கூட இல்லை. ரவுணுக்குப் போய் வந்தால் ஒரு பிரச்சினையும் இல்லை. வவுனியாவுக்குப் போகும்போது பரந்தன் தாண்டியதும் சூட்டு முள் ஏறத் தொடங்குகிறது. காலையில் ஸ்ராட் பண்ணினால் சில வினாடி உதறிவிட்டுச் சரியாகிறது. ஒரு கராஜில் ஹெட் காஸ்கற் போய்விட்டது, ஹெட்டைக் கழற்றவேண்டும் என்றார்கள். இன்னொரு இடத்தில் ஒயில் சுத்தமாக இருக்கிறது, காஸ்கற்றில் பிழை இல்லை என்று சொல்லித் தேர்மோஸ்ரற்றைக் கழற்றிவிட்டார்கள். அதற்குப் பிறகு சூடு இன்னும் கூடுகிறது. மூன்றாமவர் அடைக்கும் மருந்து ஒரு போத்தல் ஊற்றச் சொல்கிறார். மருமகன் காரை விற்கச் சொல்கிறார். நான் யாரை நம்புவது?

பதில்:

ரீச்சர், நீங்கள் எழுதிய அறிகுறிகளைப் பார்த்தால் எனக்கும் சந்தேகம் காஸ்கற் மேல்தான் விழுகிறது. ஆனால் சந்தேகத்தை வைத்துக்கொண்டு ஹெட்டைக் கழற்றக்கூடாது. மூன்று கராஜ் ஏறி இறங்கியிருக்கிறீர்கள். ஒருவராவது ஒரு கருவியைக் கையில் எடுத்து அளந்து பார்த்ததாகத் தெரியவில்லை. அதுதான் எனக்கு மனவருத்தம். காஸ்கற் போனதா இல்லையா என்பது ஊகித்துச் சொல்லவேண்டிய விசயமே இல்லை. சோதித்தால் தெரியும். ஹெட்டைக் கழற்றும் செலவோடு பார்க்கும்போது அந்தச் சோதனைகளுக்கு ஆகும் காசு மிகக் குறைவு.

உங்கள் எஞ்சினின் கீழ்ப்பகுதி, அதாவது பிளொக், வார்ப்பிரும்பாக இருக்கும். மேலே இருக்கும் ஹெட் அலுமினியம். அந்தக் காலத்து ஜப்பான் கார்களில் பெரும்பாலும் இந்த அமைப்புத்தான். சூடேறும்போது அலுமினியம் இரும்பைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். விரிவில் ஒத்துப்போகாத இந்த இரண்டுக்கும் நடுவே நசிபட்டுக் கிடப்பதுதான் காஸ்கற். சிலிண்டருக்குள் எரியும் வாயு, எஞ்சினைச் சுற்றி ஓடும் தண்ணீர், மேலே ஏறி இறங்கும் ஒயில், இந்த மூன்றையும் அது ஒன்றோடொன்று கலக்கவிடாமல் பிரித்து வைத்திருக்கிறது. எஞ்சின் ஒருமுறை கடுமையாகச் சூடேறினால் அலுமினிய ஹெட் வளையும், காஸ்கற்றை அழுத்தும் பிடி தளரும். ஆகவே சூடு காஸ்கற்றைக் கெடுக்கும், கெட்ட காஸ்கற் மேலும் சூட்டைக் கூட்டும். உங்கள் காரில் எது முந்தியது என்பதைக் கண்டுபிடிக்காமல் காஸ்கற்றை மட்டும் மாற்றினால், புதிய காஸ்கற்றும் அதே வழியில்தான் போகும்.

இரண்டாவது கராஜ்காரர் சொன்ன ‘ஒயில் சுத்தம், அப்படியென்றால் காஸ்கற் நல்லது’ என்ற கணக்கு இங்கே எல்லோர் வாயிலும் வருகிறது. அது பிழை. காஸ்கற் உடையக்கூடிய திசைகள் பல. தண்ணீர் வழிக்கும் ஒயில் வழிக்கும் நடுவே உடைந்தால்தான் ஒயில் பால்தேத்தண்ணி நிறத்துக்கு வரும். சிலிண்டருக்கும் தண்ணீர் வழிக்கும் நடுவே உடைந்தால் ஒயில் கடைசிவரை சுத்தமாகவே இருக்கும். பக்கத்துப் பக்கத்துச் சிலிண்டர்களுக்கு நடுவே உடைந்தால் தண்ணீரும் குறையாது, ஒயிலும் கலங்காது, இழுவை மட்டும் விழும். மற்றப் பக்கமாக, ஒயில் ஊற்றும் மூடியின் உட்புறத்தில் வெள்ளைப் பசை கண்டவுடன் காஸ்கற் போய்விட்டது என்று பயப்படுத்துவோரும் உண்டு. ஐப்பசி, கார்த்திகை மழையில் கோயிலடிக்கும் சந்தைக்கும் மட்டும் ஓடும் கார்களில், எஞ்சின் முழுச்சூடு எடுக்காததால் அந்த ஈரம் அங்கே படியும். ஒயில் குச்சியில் அதே நிறம் இருந்தால்தான் கவலைப்படவேண்டும்.

உங்கள் கடிதத்தில் எனக்கு முக்கியமாகப் பட்டது காலை உதறல். றேடியேற்றர் மட்டும் அடைபட்டிருந்தால் முள் ஏறும், ஆனால் காலையில் எஞ்சின் உதறாது. காஸ்கற்றில் சின்ன வழி திறந்திருந்தால், ஓட்டி முடித்து நிறுத்திய பிறகு தண்ணீர் வழியில் மிஞ்சியிருக்கும் அழுத்தம் கொஞ்சம் தண்ணீரைச் சிலிண்டருக்குள் தள்ளும். இரவு முழுக்க அது பிஸ்ரன் தலையில் தேங்கி நிற்கும். காலையில் அந்தச் சிலிண்டரின் பிளக் நனைந்து பற்றாமல் சில வினாடி உதறும், பிறகு தண்ணீர் ஆவியாகிப் போனதும் சரியாகும். முற்றத்தில் சொட்டு இல்லாததற்கும் இது பொருந்துகிறது. அந்த நேரம் பின்னாலே வெள்ளைப் புகை வருகிறதா என்று யாரையாவது நின்று பார்க்கச் சொல்லுங்கள். பெற்றோல் எரிந்தால் நீராவி வரும் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. புகைக்குழாய் நுனியில் சில துளி தண்ணீர் சொட்டுவது இயல்பு. எஞ்சின் சூடேறிய பிறகும் வெள்ளைப் புகை தொடர்ந்தால், தண்ணீரோடு கூலன்ட் (றேடியேற்றருக்கென்று விற்கும் திரவம்) ஊற்றிய காரென்றால் அதில் ஒரு தித்திப்பு வாசமும் கலந்திருந்தால், அது எரியும் இடத்துக்குள் தண்ணீர் போகிறது என்பதற்கு அடையாளம்.

நீங்களே செய்யக்கூடிய ஒரு பார்வை இருக்கிறது. விடிய, எஞ்சின் தொட்டால் குளிர்ந்திருக்கும் நேரத்தில், றேடியேற்றரின் மேல் ஹோஸை நசித்துப் பாருங்கள். இரவு முழுக்க ஆறிய எஞ்சினில் அது தொய்ந்து மெத்தென்று இருக்கவேண்டும். விறைத்து நின்றால் உள்ளே வாயு அடைபட்டிருக்கிறது. பிறகு மூடியைத் திறந்து கழுத்துவரை தண்ணீர் நிரப்பி, மூடாமல் ஸ்ராட் பண்ணிப் பாருங்கள். தொடக்கத்தில் சில குமிழி வரும், அது உள்ளே சிக்கிய காற்று. நின்றுவிடும். நிற்காமல் ஒரே சீராகக் குமிழி வந்துகொண்டிருந்து, அக்சிலேற்றரை மிதிக்க மிதிக்க அதிகரித்தால், அது சிலிண்டரிலிருந்து வரும் வாயு. றிசேவ் போத்தலையும் கவனியுங்கள். ஓட்டி வந்ததும் போத்தல் நிரம்பி வழிந்து, ஆறிய பிறகும் தண்ணீர் திரும்ப றேடியேற்றருக்குள் போகாமல் நின்றால், ஒன்றில் மூடி பழுது, அல்லது வாயு ஏறுகிறது.

ஒன்றைக் கட்டாயம் சொல்லவேண்டும். சூடான எஞ்சினில் அந்த மூடியைத் திறக்கவே கூடாது. மூடியின் மேல் 0.9 அல்லது 1.1 என்று எழுதியிருக்கும். வளிமண்டல அழுத்தத்துக்கு மேலே இன்னும் ஏறக்குறைய அவ்வளவு அழுத்தத்தை அது பிடித்து வைக்கிறது என்பது அதன் பொருள். அந்த அழுத்தத்தில் தண்ணீர் 120 பாகையளவில்தான் கொதிக்கும். மூடியைத் திறந்த கணத்தில் அழுத்தம் விழும், உள்ளே இருப்பது முழுவதும் கொதித்து முகத்தில் அடிக்கும். முறிகண்டிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்க நிறுத்துகிற இடத்தில், பொனற்றைத் தூக்கி, துணியைச் சுற்றி மூடியைத் திருகுகிறவர்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு பதறும். அந்தத் துணி உங்களைக் காப்பாற்றாது.

இனி கராஜில் செய்யவேண்டியவை. முதலாவது நீலத் திரவச் சோதனை. இது உங்களுக்கு நன்றாகப் பழக்கமான விசயம், ரீச்சர். அந்தத் திரவத்தில் இருப்பது புரோமோதைமோல் நீலம். றேடியேற்றர் வாயில் ஒரு கண்ணாடிக் குழாயை வைத்து, மேலே நிற்கும் வாயுவை அந்தத் திரவத்தினூடாக இழுப்பார்கள். எரிந்த வாயு தண்ணீருக்குள் வந்திருந்தால் அதிலுள்ள காபனீரொட்சைட்டு திரவத்தை அமிலமாக்கி மஞ்சளாக்கும். மாணவர்களை ஸ்ரோவால் ஊதவைத்து நீங்கள் காட்டிய அதே தாக்கம். இதில் ஏமாறும் இடங்கள் இரண்டு. திரவம் பழையதாக இருந்தால் நிறம் மாறாது. ஆகவே தொடங்குமுன் சில துளியைத் தனியே எடுத்து ஊதிப் பார்க்கச் சொல்லுங்கள். மூச்சுக்காற்றுக்கே மஞ்சளாகாத திரவத்தை நம்பக்கூடாது. மற்றது, றேடியேற்றரில் தண்ணீரைக் கொஞ்சம் இறக்காமல் சோதித்தால் தண்ணீர் குழாய்க்குள் ஏறித் திரவத்தைக் கெடுத்துவிடும். மூடியைக் குளிரில் கழற்றி, கருவியைப் பொருத்தி, அதன் பிறகு எஞ்சினைச் சூடேற்றுவதுதான் முறை.

மஞ்சளானால் வழக்கு முடிந்தது, சிலிண்டர் வாயு தண்ணீருக்குள் வருகிறது. மாறாவிட்டால் காஸ்கற் நல்லது என்று உடனே தீர்க்கவேண்டாம். சின்ன வழி, எஞ்சின் சும்மா நின்று ஓடும்போது மூடியிருந்து, பாரம் ஏறும்போது மட்டும் திறக்கக்கூடும். ரவுணுக்குள் ஓடும்போது சும்மா இருந்துவிட்டு, ஏ9 வீதியில் ஏசியும் போட்டு ஒரே வேகத்தில் ஒரு மணித்தியாலம் இழுத்த பிறகுதான் உங்கள் முள் ஏறுகிறது என்பதை மறக்கவேண்டாம்.

இரண்டாவது, அழுத்தச் சோதனை. எஞ்சின் குளிர்ந்திருக்க, றேடியேற்றர் வாயில் கைப்பம்பைப் பொருத்தி, மூடியில் எழுதிய அளவுக்கு அழுத்தி, அரை மணித்தியாலம் விடுவது. பம்பின் அழுத்த முள் இறங்கினால் தண்ணீர் எங்கேயோ போகிறது. வோட்டர் பம்ப்பின் அடித்துளை, ஹோஸ் பூட்டுகள், றேடியேற்றர் விளிம்பு, முன் ஆசனத்துக் கால்மிதியடியின் கீழே ஈரம் என்று ஒவ்வொன்றாகப் பார்க்கவேண்டும். வெளியே ஒன்றும் இல்லாவிட்டால் நான்கு பிளக்கையும் கழற்றி, தீப்பொறியையும் பெற்றோலையும் துண்டித்துவிட்டு, எஞ்சினைச் சுழற்றிப் பார்க்கவேண்டும். தண்ணீர் இறங்கிய சிலிண்டரிலிருந்து பிளக் ஓட்டையால் ஆவிபோலத் தெறிக்கும். கழற்றிய பிளக்குகளை வரிசையாக ஒரு கடதாசியில் வைத்துப் பாருங்கள். மூன்று மண்ணிறமாக இருக்க ஒன்று மட்டும் நீராவியில் கழுவினதுபோல வெளிறியிருந்தால் குற்றவாளி அந்தச் சிலிண்டர்தான்.

கொம்பிறெசன், அதாவது பிஸ்ரன் மேலே வரும்போது சிலிண்டருக்குள் எழும் அழுத்தம், அளக்கும்போது இலக்கத்தை மட்டும் பார்த்துவிட்டு விடுகிறார்கள். ஒரு சிலிண்டருக்கும் இன்னொன்றுக்கும் உள்ள வித்தியாசம்தான் முக்கியம். 10 முதல் 15 வீதத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் காரணம் தேடவேண்டும். பக்கத்துப் பக்கத்து இரண்டு சிலிண்டர்கள் சேர்ந்து விழுந்திருந்தால் அவற்றுக்கு நடுவே காஸ்கற் எரிந்திருக்கிறது. எனக்கு இதைவிடப் பிடித்தது, பிஸ்ரனை மேலே நிறுத்திவைத்து ஒவ்வொரு சிலிண்டருக்குள்ளும் கொம்பிறெசர் காற்றைச் செலுத்தும் முறை. றேடியேற்றரில் குமிழி எழும்பினால் காஸ்கற் அல்லது ஹெட்டில் வெடிப்பு, சைலன்சரில் சீறினால் எக்ஸோஸ்ற் வால்வு, ஒயில் மூடியில் சீறினால் பிஸ்ரன் றிங். நாலு சிலிண்டரையும் இப்படிப் பார்த்துவிட்டால் யாரும் உங்களுக்குக் கதை சொல்லமுடியாது.

தேர்மோஸ்ரற் கதைக்கு வருவோம். ‘எங்கட வெக்கைக்கு உது தேவையில்லை’ என்று சொல்லிக் கழற்றி எறிவது இங்கே பரவிவிட்ட பழக்கம். பல ஜப்பான் எஞ்சின்களில் தேர்மோஸ்ரற் இரண்டு வேலை செய்கிறது. தண்ணீர் சூடேறியதும் றேடியேற்றர் வழியைத் திறக்கிறது, அதே நேரம் றேடியேற்றருக்குப் போகாமல் சுற்றும் குறுக்கு வழியை மூடுகிறது. கழற்றிவிட்டால் குறுக்கு வழி எப்போதும் திறந்தே கிடக்கும். தண்ணீரில் ஒரு பங்கு ஆறாமலே எஞ்சினுக்குள் திரும்பும். ரவுணில் எஞ்சின் சூடே எடுக்காது, நெடுந்தூரத்தில் முன்னையைவிடக் கொதிக்கும். உங்களுக்கு நடந்தது பெரும்பாலும் இதுதான். புதியதை உடனே போடுங்கள், அதோடு றேடியேற்றர் மூடியையும் மாற்றுங்கள்.

அடைக்கும் மருந்து வேண்டாம். முழுப்பாரத்தில் சிலிண்டருக்குள் எழும் அழுத்தம் வளிமண்டலத்தைப்போல 50 மடங்கைத் தாண்டும். பசையும் துகளும் அங்கே நிற்காது. றேடியேற்றரின் மெல்லிய குழாய்களில்தான் போய் நிற்கும்.

ஏன் இப்படி வந்தது என்ற கேள்விக்கு, இந்தக் குடாநாட்டில் நான் முதலில் பார்ப்பது தண்ணீரை. உங்கள் றேடியேற்றருக்கு இவ்வளவு காலமும் எதை ஊற்றினீர்கள் என்று எழுதவில்லை. கிணற்றுத் தண்ணீர் என்றே நினைக்கிறேன். நாங்கள் இருப்பது சுண்ணக்கல்லின் மேல். கிணற்று நீரில் கரைந்திருக்கும் கல்சியம் இருகாபனேற்று சூட்டில் பிரிந்து காபனேற்றாகப் படியும். வீட்டுக் கேத்தலின் அடியில் காணும் அதே வெள்ளை. அண்மையில் கோண்டாவில் பக்கத்துக் கார் ஒன்றின் ஹெட்டைக் கழற்றியபோது, பிளொக்கின் தண்ணீர்த் துளைகளில் பாதி வெள்ளைக்கும் துருவுக்கும் நடுவே மறைந்து கிடந்தன. சுண்டுவிரல் போகவேண்டிய துளையில் பென்சிலும் போகவில்லை. காஸ்கற்றைத் தூக்கிப் பார்த்தால் மூன்றாம் சிலிண்டரின் இரும்பு வளையத்திலிருந்து பக்கத்துத் தண்ணீர்த் துளைவரை கறுப்பாக ஒரு கோடு, ஒரு நெல்மணி அகலம். அவ்வளவுதான் உடைவு. அந்த மனிதர் மாதக்கணக்காகத் தண்ணீர் ஊற்றி ஊற்றி ஓடியிருக்கிறார், ஊற்றிய ஒவ்வொரு போத்தலோடும் இன்னும் கொஞ்சம் சுண்ணாம்பு உள்ளே போயிருக்கிறது.

தீவுப்பகுதிக் கிணறுகளிலும் கரையோரக் கிணறுகளிலும் உப்பும் சேர்ந்திருக்கும். குளோரைட்டு அலுமினியத்தைத் தின்னும். ஹெட்டின் தண்ணீர்த் துளைகளைச் சுற்றிக் குழி விழுந்தால் புதிய காஸ்கற்றும் அங்கே இருந்து பிடிக்காது. ஆகவே கூலன்டை பற்றரிக்கு ஊற்றும் வடித்த தண்ணீரோடு சரிபாதி கலந்து ஊற்றுங்கள். பனி விழாத ஊருக்கு உறைவைத் தடுக்கும் திரவம் எதற்கு என்று கேட்பார்கள். துருவையும் அரிப்பையும் தடுக்கும் இரசாயனம் அதற்குள்தான் இருக்கிறது, கொதிநிலையையும் சில பாகை உயர்த்துகிறது. வழியில் அவசரத்துக்குக் கிணற்று நீர் ஊற்றினால் தவறில்லை, வீடு வந்ததும் இறக்கிவிட்டுச் சரியானதை ஊற்றவேண்டும். இறக்கும் பழைய கூலன்டை வளவில் ஊற்றவேண்டாம். அது நஞ்சு, தித்திப்பென்று நாய் பூனை நக்கும். எங்கள் சுண்ணக்கல் நிலம் மேலே ஊற்றுவதை வடிக்காமல் கிணற்றுக்கே கொண்டுபோய்ச் சேர்க்கும்.

சோதனையில் காஸ்கற்தான் என்று உறுதியானால், யாரிடம் வேலையைக் கொடுப்பது என்பதை ஒரே கேள்வியால் தீர்மானியுங்கள்: ‘ஹெட்டை எங்கே அளக்கக் கொடுப்பீர்கள்?’ கழற்றிய ஹெட்டை லேத் பட்டறையில் நேர்மட்டம் வைத்து, இடையில் அளவுத் தகட்டைச் செருகி, வளைவைப் பார்க்கவேண்டும். உங்களுடையதைப் போன்ற பல எஞ்சின்களில் 0.05 மில்லிமீற்றருக்கு மேல் வளைந்திருந்தால் சீவி மட்டப்படுத்தவேண்டும். வெடிப்பும் பார்க்கவேண்டும். பிளொக்கின் மேற்தளத்தையும் அதேபோல அளக்கவேண்டும், பலர் அதை விட்டுவிடுகிறார்கள். ‘சும்மா காஸ்கற்றை மாத்தினால் காணும்’ என்று பதில் வந்தால் வேறு இடம் பாருங்கள்.

இந்தப் பழக்கத்தின் வேர் எனக்கு விளங்குகிறது. 1990களில் பொருளாதாரத் தடைக்குள், பெற்றோல் இல்லாமல், மண்ணெண்ணெயில் ஒஸ்ரின், மொறிஸ் கார்களை ஓட்டிய ஊர் இது. மண்ணெண்ணெய் எஞ்சினுக்குள் முட்டி வெடித்துக் காஸ்கற்றை எரிக்கும். உதிரிப்பாகம் வராது. கிடைத்ததைத் தட்டி, வாட்டி, திரும்பப் போட்டு, கை அளவில் இறுக்கி வண்டியை வீதியில் வைத்திருந்தார்கள் அந்தக் கராஜ் பாஸ்மார். அந்தத் திறமைக்கு நான் தலைவணங்குகிறேன். ஆனால் அது அந்த எஞ்சின்களுக்கும் அந்தக் காலத்துக்கும் உரியது. இன்றைய அலுமினிய ஹெட்டுக்குக் கை அளவு பொருந்தாது. அளவு காட்டும் றெஞ்சால், நடுவிலிருந்து வெளியே, எஞ்சின் கைநூலில் சொன்ன வரிசையிலும் படியிலும் போல்ட்டுகளை இறுக்கவேண்டும். இழுபட்ட போல்ட்டுகளைத் திரும்பப் போடக்கூடாது. போல்ட் இறங்கும் குழிகளில் தண்ணீரோ ஒயிலோ நிற்கக்கூடாது, நின்றால் இறுக்கம் பொய்க்கணக்குக் காட்டும். பிரித்த கையோடு ரைமிங் பெல்ட், வோட்டர் பம்ப், ஹோஸ்கள் எல்லாவற்றையும் மாற்றிவிடுங்கள், கூலி ஒருமுறைதான். றேடியேற்றரைக் கழற்றிச் சுத்தம் செய்யாமல் புதிய காஸ்கற்றோடு காரை வெளியே எடுக்கவே வேண்டாம்.

அதுவரை வவுனியாப் பயணம் வேண்டாம். பக்கத்தில் ஓடவேண்டி வந்தால் ஒவ்வொரு நாளும் காலையில் தண்ணீர் பார்த்து ஓடுங்கள். முள் ஏறினால் ஏசியை நிறுத்துங்கள். பிறகு, எங்கள் ஊரில் யாரும் தொடாத அந்த ஹீற்றரை முழுச் சூட்டுக்குத் திருப்பி, காற்றைக் கூட்டி விடுங்கள். எஞ்சினின் சூட்டில் ஒரு பங்கைக் காருக்குள் இழுத்து எடுக்கும். ஓரமாக நிறுத்தி எஞ்சினை அணைத்துவிட்டு ஆறவிடுங்கள், மேலே தண்ணீர் அடிக்கவேண்டாம். அணைத்த பிறகும் றேடியேற்றர் விசிறி தானாகச் சுழலக்கூடும், விரலைக் கொண்டுபோகாதீர்கள். காலையில் ஸ்ராட்டர் ஒரு அடி அடித்து விறைத்து நின்றால் திரும்பத் திரும்ப முயலவேண்டாம். சிலிண்டருக்குள் தண்ணீர் நிறைந்திருக்கலாம், தண்ணீர் நசியாது, பிஸ்ரனைத் தாங்கும் கம்பிதான் வளையும். பாஸைக் கூப்பிடுங்கள்.

விற்பதைப் பற்றி. 2020இல் நிறுத்திய வாகன இறக்குமதி 2025இல்தான் தனியார் கார்களுக்குத் திறந்தது, புதியவற்றின் வரியும் விலையும் உங்களுக்குத் தெரியும். நான் முடிவெடுப்பது எஞ்சினை வைத்தல்ல, உடலை வைத்து. கடற்காற்று தின்ற கார் என்றால் கதவின் அடிப்பக்கம், பின்சில்லு வளைவு, காருக்குக் கீழே சட்டம், இந்த மூன்று இடத்தையும் காரைக் கராஜ் தூக்கியில் ஏற்றிப் பாருங்கள். அங்கே துரு ஊறியிருந்தால் விற்றுவிடுங்கள், வாங்குபவருக்குக் காஸ்கற் விசயத்தைச் சொல்லியே விற்கவேண்டும். இரும்பு நல்லதாக இருந்தால் திருத்துங்கள். திருத்திய பிறகு முதல் 1000 கிலோமீற்றருக்குள் இரண்டு மூன்று தடவை விடிய எழும்பித் தண்ணீர் மட்டத்தைப் பாருங்கள், அந்த நீலத் திரவச் சோதனையையும் ஒருமுறை திரும்பச் செய்வியுங்கள். மட்டம் குறையாமல், நீலம் நீலமாகவே நின்றால் வவுனியாவுக்கு வெளிக்கிடலாம்.